வண்டி ஓடும்போதே புதுத் தளம்

கேள்வி: போக்குவரத்தை நிறுத்தாமல் பழைய பாலத்தின் மேல்தளத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1982 முதல் 1985 வரை செய்தார்கள். 1937-இல் திறந்த பாலம் அது. கடல் மூடுபனியின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரித்துவிட்டது. துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். மேலே பூசி மூடினாலும் உள்ளே அரிப்பு நிற்காது.

தளத்தை 747 துண்டுகளாகப் பிரித்தார்கள். இரவு வேலைதான்: பழையதை அறுத்துத் தூக்கி, தயாராக வைத்த எஃகுத் துண்டை இறக்கிப் பொருத்த வேண்டும். விடிந்தால் வண்டிகள் வந்துவிடும். அதனால் அன்றிரவே பொருத்தி முடிக்க முடிகிற அளவுக்கு மேல் ஓர் அடிகூட அறுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுதான் உயிர்நாடி. 401 இரவுகள் பிடித்தன. எஃகுத் தளம் இலகுவானது என்பதால் பாலத்தின் சுமையும் சுமார் 11,000 மெட்ரிக் டன் குறைந்தது.