புளோக் கீழ்த்தளம் ஏன் இவ்வளவு இருட்டாகத் தெரிகிறது?

கைப்பேசி விளையாட்டுக்காகச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின், பக்கங்கள் திறந்த கீழ்த்தளத்தை உருவாக்கியிருக்கிறீர்கள், வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆனால் தூண்களுக்குப் பின்னால் கன்னங்கரேல் என்று இருக்கிறது, ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையை ஓடும்போதே கணக்கிடும் முறை) இல்லாமல் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். நிஜத்தில் அங்கே வெளிச்சத்தில் பெரும்பங்கு, வெளித்தரையில் பட்டுத் தெறித்து உள்ளே வரும் ஒளிதான். கட்டடம் நகரப் போவதில்லை, அதனால் அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு லைட்மேப்பில், அதாவது பரப்புகளின் மேல் ஒட்டும் வெளிச்சப் படத்தில், சேமித்துவிடுங்கள்.

நடமாடும் ஆட்களுக்கு லைட் புரோப். இடைவெளி விட்டுப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பதை ஸ்பெரிக்கல் ஹார்மோனிக்ஸாக, அதாவது எல்லாத் திசை ஒளியையும் சில எண்களில் அடக்கும் கணித வடிவமாகச் சுருக்கிவிடுவார்கள். பளபளப்பில்லாத பரப்பு என்றால் ஒரு நிறத்துக்கு 9 எண், மூன்று நிறத்துக்கும் 27 எண், அவ்வளவே போதும். கணினி வரைகலை ஆய்வாளர்கள் ராமமூர்த்தியும் ஹன்ராஹனும் 2001-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட பரப்பில் ஒளி திசைக்குத் திசை மெதுவாகத்தான் மாறும், நுணுக்கம் தொலைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான தலைவலி ஒளிக்கசிவு: மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் புரோப்பின் வெயில் இந்தப் பக்கம் வழியும். புரோப்பிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சேமித்து, சுவருக்குப் பின்னால் இருப்பதை ஒதுக்கலாம். கைப்பேசிக்கு அது கொஞ்சம் கனம்தான், நான் முதலில் சுவரைத் தடிப்பாக்கிப் பார்ப்பேன். பகல் இரவு மாற வேண்டுமா? அப்போது பிரேமுக்கு (திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) சில புரோப்புகளாக மாற்றி மாற்றிப் புதுப்பியுங்கள்.