ஆர்எக்ஸ்-7 காருக்குள் ட்ரக் வி8: 4.8, 5.3, 6.0 இதில் எது?

கேள்வி: என்னிடம் 1988 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ இருக்கிறது. ரோட்டரி இன்ஜினில் கம்ப்ரெஷன் போய்விட்டது. டெக்சாஸில் வசிக்கிறேன். இங்குள்ள காயலான் கடைகளில் செவர்லே சில்வராடோ ட்ரக்கின் வி8 இன்ஜின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எந்த அளவு எடுக்கலாம்? இரும்பு பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) எடை காரைக் கெடுத்துவிடுமா? பிற்பாடு டர்போ போடும் எண்ணமும் உண்டு.

பதில்: 1999 முதல் 2007 வரை வந்த எல்எம்7 என்ற 5.3 லிட்டர் இன்ஜினை எடுங்கள். ஓடிக்கொண்டிருந்த ட்ரக்கிலிருந்து கழற்றியதாக, வயரிங்கோடும் கம்ப்யூட்டரோடும் முழுசாகக் கிடைப்பதாக இருக்க வேண்டும். அளவை விட இந்த "முழுசாக" என்பதுதான் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எடை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அலுமினிய பிளாக்கை விட இரும்பு பிளாக் சுமார் 40 கிலோ கூடுதல். உங்கள் கார் மொத்தமே 1,300 கிலோதான். ரோட்டரி இன்ஜின் சின்னது, தாழ்வாகவும் பின்தள்ளியும் உட்காரும். ஆகவே வித்தியாசம் ஸ்டியரிங்கில் தெரியத்தான் செய்யும். இன்ஜினை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடு) பக்கம் முடிந்தவரை தள்ளி மாட்டி, பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனால் பெரும்பகுதியைச் சரிக்கட்டலாம். சாலையில் ஓட்டும் காருக்கு அது போதும். டர்போ ஆசையை விட்டுவிட்டு வளைவுகளில் ஓட்டுவதற்காகவே காரைக் கட்டுகிறீர்கள் என்றால் என் பதில் வேறு: எல்33 தேடுங்கள். 2005 முதல் 2007 வரை, நான்கு சக்கர இயக்கமும் எக்ஸ்டெண்டட் கேபும் கொண்ட சில்வராடோக்களில் வந்த அலுமினிய 5.3 அது, 310 குதிரைத்திறன். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னில் எட்டாவது எழுத்து "பி" என்றிருக்கும். கமாரோ, கார்வெட் கார்களில் வந்த அலுமினிய வி8 ஆன அசல் எல்எஸ்1-க்குக் கேட்கிற விலையை இதற்குக் கேட்பவர்கள் குறைவு.

டர்போ நிச்சயம் உண்டு என்றால் இரும்பு பிளாக்குக்காக வருத்தப்படவே வேண்டாம். சிலிண்டர் சுவர் தடிமனாக இருப்பதால் அழுத்தத்தில் வடிவம் குலையாது. பிளாக் தாங்கும், அதற்கு முன் பிஸ்டன்தான் போகும். டர்போ சூட்டில் பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளும் விரிந்து ஒன்றையொன்று முட்டினால் பிஸ்டனின் விளிம்பே உடைந்துவிடும். அதனால் டர்போ போடும் நாளில் இன்ஜினைப் பிரித்து ரிங் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை, இன்ஜினைக் காப்பாற்றும் வேலை.

4.8-க்கும் 5.3-க்கும் பிளாக் ஒன்றே, போர் (சிலிண்டரின் விட்டம்) 96 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்)தான் வேறு: முதலாவதில் 83, இரண்டாவதில் 92 மி.மீ. விலையில் பெரிய இடைவெளி இல்லாதபோது, கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவையை விட்டுக்கொடுப்பானேன்? 6.0-இல் போர் 101.6 மி.மீ. அதில் இரண்டு வகை: எல்க்யூ4 300 முதல் 325, எல்க்யூ9 345 குதிரைத்திறன். நல்ல இன்ஜின்கள், சந்தேகமில்லை. ஆனால் விலை கூடுதல், எல்க்யூ4-இல் பெரும்பாலானவை கனரக 2500 வகை ட்ரக்குகளில் பாரம் இழுத்து வந்தவை. 1999, 2000 எல்க்யூ4-இல் சிலிண்டர் ஹெட்டும் இரும்பு. எடைக்குக் கவலைப்படும் நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். உங்கள் கார் புதிதாக வந்தபோது அதன் சக்தி 182 குதிரைத்திறன். சாதாரண எல்எம்7 ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 வரை தரும். அந்தக் காருக்கு அது தாராளம்.

2007-க்குப் பின் வந்த பெரும்பாலான 5.3-களில் பாதி சிலிண்டரை நிறுத்தி எரிபொருள் மிச்சப்படுத்தும் ஏஎஃப்எம் அமைப்பு உண்டு. வால்வுகளைத் தள்ளும் அதன் லிஃப்டர்கள் பழுதாவது பரவலாகத் தெரிந்த தொல்லை. கேம் ஷாஃப்டோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். முதல் ஸ்வாப்புக்கு (இன்ஜின் மாற்றும் வேலைக்கு) அந்தத் தலைவலி வேண்டாம்.

கடையில் "5.3" என்று சொல்லி 4.8-ஐத் தள்ளிவிடுவது உண்டு. பிளாக்கில் இரண்டு எண்களும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ட்ரக்கின் விஐஎன் கிடைத்தால் எட்டாவது எழுத்தைப் பாருங்கள்: எல்எம்7-க்கு "டி", 4.8-க்கு "வி". விஐஎன் இல்லையென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாகச் சின்ன கேமராவை விடுங்கள். பிஸ்டன் தலை தட்டையாக இருந்தால் 4.8, குழிந்திருந்தால் 5.3. அலுமினிய எல்33-க்கும் தட்டை பிஸ்டன்தான், ஆனால் அதன் பிளாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கும்போது பின்பக்கச் சிலிண்டர்கள் அருகே எக்ஸாஸ்ட் போல்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். 706 எண்ணுள்ள ஹெட்டுகளில் "காஸ்டெக்" முத்திரையுள்ள வார்ப்பு விரிசல் விடக்கூடியது. கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் உடனே பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் கெட்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும். காரில் ஏற்றும் முன் அந்த ஓ-ரிங்கையும், இன்டேக்குக்கு (காற்று நுழையும் பகுதி) அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும் நாக் சென்சார்களையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது அது சின்ன வேலை.

இப்போது "முழுசாக" என்ற விஷயம். ஹார்னெஸ் (வயரிங் கட்டு), கம்ப்யூட்டர் இரண்டும் அதே ட்ரக்கிலிருந்து வர வேண்டும். 2003 முதல் கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் ஆக்ஸிலரேட்டர் பெடலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்த்து வாங்குங்கள். இதில் ஒன்று ஜோடி மாறினாலும் கோளாறு தேடியே நாட்கள் போகும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும்.

மலிவு இன்ஜினில் மிச்சமான பணம் போகுமிடம் இதுதான்: ட்ரக் ஆயில் பேன் ஆழமானது, ஸ்போர்ட்ஸ் காரில் தரையை நெருங்கும். 1998–2002 கமாரோ பேனோ ஸ்வாப்புக்கென்று விற்கும் பேனோ வேண்டும். ட்ரக் இன்டேக் போனட்டில் இடிக்கும். எல்எஸ்1 இன்டேக் இந்த ஹெட்டுகளில் அப்படியே உட்காரும். பெல்ட் அமைப்பும் கார்வெட்டை விடச் சுமார் 38 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ரேடியேட்டருக்கு இடம் அளந்துகொள்ளுங்கள். பெட்ரோல் பம்ப் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டும். டிஃபரென்ஷியல் கவலை உங்களுக்குக் குறைவு, டர்போ மாடலில் இருப்பதே மற்றதை விட வலுவானது.

டெக்சாஸில் இந்த வயது காருக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. கலிபோர்னியாவுக்குக் குடிபோகும் திட்டம் இருந்தால் மட்டும் நிதானியுங்கள். அங்கே 1976-லும் அதற்குப் பிறகும் வந்த கார்களில் மாற்றும் இன்ஜின், அதே ரக வண்டியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. காருக்குள் ட்ரக் இன்ஜின் அந்தச் சோதனையில் தேறாது. அப்படியானால் மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்கும் கமாரோ எல்எஸ்1-க்கே இப்போது பணம் சேர்ப்பது மேல்.