வலிக்காத புண்

தம்பி, வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் சிறுநீர், எய்ட்ஸாக இருக்குமோ என்ற பயம் என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளைப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள், நிறையப் பேருக்கு உண்டு. மஞ்சளாகச் சிறுநீர் போனால் தண்ணீர் குடியுங்கள். இரவெல்லாம் யூடியூப் பார்த்து எய்ட்ஸ் என்று முடிவுகட்டாதீர்கள். அதற்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி வைத்திருக்கிறீர்களே, கொழும்பில் இருந்தபோது ஆணுறுப்பில் புண் வந்தது, வலிக்கவில்லை, பாமசியில் கேட்டு வாங்கிய கப்சூலை ஐந்து நாள் போட்டதும் ஆறிவிட்டது என்று? எனக்குக் கவலை அதில்தான். அடிப்பக்கம் கெட்டியாக, வலியே இல்லாமல் வரும் ஒற்றைப் புண் என்றால் முதலில் சிபிலிஸ் என்ற, உடலுறவில் தொற்றும் பால்வினை நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொற்றி 10 முதல் 90 நாளுக்குள் வரும். மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். புண்தான் போகும், கிருமி இரத்தத்தில் இருக்கும். பாமசிக் கப்சூலை நம்பி எத்தனை பேர் இப்படி ஏமாந்து வருகிறார்கள்!

சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத் தடிப்பு வரலாம். பெரும்பாலும் அரிக்காது. உங்கள் மனைவி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவருக்கும் தொற்றியிருந்தால், அந்தக் கறை ஏறிய கையில் தடிப்பு கண்ணுக்கே படாது.

அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. நீங்கள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான், இல்லையா? முதல் கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்கிறீர்கள். சரி, ஆனால் நீங்கள் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. அப்போது உங்களிடமிருந்து தொற்றியிருந்தால் அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்காது. இப்படிப் பரிசோதித்து ஊசி போட்டதால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென்று 2019இல் உலக சுகாதார அமைப்பு சான்று தந்தது. அவருக்கு இன்னொரு முறை பார்க்கத்தான் வேண்டும். கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், பிள்ளை இறந்தே பிறக்கலாம். பென்சிலின் ஊசி கர்ப்பிணிக்குப் போடக்கூடியது, வயிற்றிலுள்ள பிள்ளையையும் காக்கும். ஆரம்ப நிலையென்றால் உங்களுக்கும் பெரும்பாலும் ஒரே தடவை ஊசிதான். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவரென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நுவரெலியா, கண்டி, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய் கிளினிக் இருக்கிறது. காசு வாங்க மாட்டார்கள், விஷயம் வெளியே போகாது. தோட்டத்து லயவீடுகளில் தெரிந்துவிடும் என்று தயங்காதீர்கள். இரண்டு பேருமாக இந்த வாரமே போங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எப்போது திரும்ப வரச் சொல்கிறார்களோ அப்போது போங்கள். டாக்டர் சரியென்று சொல்லும்வரை உறவு வேண்டாம். மனைவியிடம் விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையென்றால் அங்கேயே கேளுங்கள், உதவுவார்கள்.