ஆற்றுக் கப்பலில் போகிறேன், எந்த லென்ஸ் வாங்க?

கேள்வி: நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை பதினைந்து நாள் ஆற்றுக் கப்பலில் போகிறோம். என்னிடம் நிக்கான் இசட்50 கேமராவும் அதோடு வந்த 16-50 லென்ஸும் இருக்கின்றன. 'இயற்கைக் காட்சிக்கு வைடு லென்ஸ்தான்' என்று கடையில் 12-28 லென்ஸைக் காட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் தன் 50-250 லென்ஸை இரவல் தருவதாகச் சொல்கிறார். மகனோ 'போன் போதும்ப்பா' என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (கோவை வாசகர்)

மகன் சொல்வதில் பாதி சரி. நண்பர் சொல்வதில் முக்கால்வாசி சரி. கடைக்காரர் சொன்னதை மட்டும் இந்தப் பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

லென்ஸ் பெயரில் உள்ள எண்கள் எம்எம் கணக்கு: எண் சிறியதானால் காட்சி அகலமாக விழும், பெரியதானால் தூரத்தில் உள்ளது நெருங்கி வரும். 12-28 மோசமான லென்ஸ் இல்லை. ஆனால் வைடு லென்ஸில் ஒரு படம் நன்றாக அமைய, காலடிக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு பாறை, ஒரு வேலி, கரையில் கவிழ்த்துப் போட்ட படகு, இப்படி எதுவானாலும் சரி. தரையில் நிற்பவர் நாலு எட்டு நடந்து அதைத் தேடிக்கொள்வார். கப்பல் மேல்தளத்தில் உங்கள் காலடியில் இருப்பது கைப்பிடிக் கம்பியும் சாய்வு நாற்காலியும். அதைத் தாண்டினால் தண்ணீர்தான். உங்கள் வழியிலும் வருகிற ரைன் நதியில் நான் முதல் தடவை போனபோது இதே தப்பைச் செய்தேன். வைடு லென்ஸை மாட்டிக்கொண்டு அரை நாள் சுட்டுத் தள்ளினேன். ஊருக்கு வந்து பார்த்தால் பாதிப் படம் பழுப்புத் தண்ணீர், பாதி வெளிறிய வானம், நடுவே பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மலைக்கோடு. அந்தக் கோட்டில் எங்கோ ஒரு கோட்டை. என் அக்கா பார்த்துவிட்டு, "இது வீராணம் ஏரியாடா?" என்று கேட்டாள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இசட்50 கேமராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் 23.5 எம்எம். அதை லென்ஸின் எம்எம்மால் வகுத்து, எதிரே உள்ள பொருளின் தூரத்தால் பெருக்குங்கள். படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். ரைன் கரைக் கோட்டைகள் மலைச்சரிவில் இருக்கின்றன. உங்களுக்கும் கோட்டைக்கும் 400 மீட்டர், கோட்டையின் அகலம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 எம்எம்மில் கிட்டத்தட்ட 590 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்துவிடும். கோட்டைக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. 12-இல் இன்னும் மோசம். 50-இல் 188 மீட்டர்: கோட்டை, அதன் கீழே திராட்சைத் தோட்டம், அடிவாரத்து ஊர் மூன்றும் அழகாக உட்காரும். 140-இல் 67 மீட்டர்: கோட்டை படத்தை நிறைத்துவிடும். 250-இல் 38 மீட்டர்: ஒரு பக்கக் கோபுரம் வெட்டுப்படும்.

ஆக, உங்கள் பயணத்தில் வேலை செய்யப்போவது பெரும்பாலும் 35-க்கும் 140-க்கும் இடைப்பட்ட எம்எம்தான். முன்னே பின்னே நடக்க முடியாத இடத்தில் ஜூம் வளையம்தான் உங்கள் கால்.

என் தேர்வு நிக்கானின் டி.எக்ஸ். 18-140. எடை 315 கிராம். ஒரே லென்ஸில் ஊரும் ஆறும் கோட்டையும் முடிந்துவிடும். கையில் உள்ள 16-50, நண்பரின் 50-250 இரண்டையும் சேர்த்தால் 540 கிராம், அதோடு மாற்றி மாற்றி மாட்டும் அவஸ்தை வேறு. 250-இன் நெருக்கம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். 140-இல் எடுத்ததை 250 அளவுக்கு வெட்டினாலும் ஆறரை மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 அளவில் அச்சிட அது தாராளம்.

செலவு வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு, அதுவும் நல்ல வழிதான். நண்பரின் 50-250 லென்ஸை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள், கழற்றவே கழற்றாதீர்கள். அகலமாக எடுக்க வேண்டியதற்கெல்லாம் போனை எடுங்கள். மகன் சொன்னதில் பாதி சரி என்றேனே, அந்தப் பாதி இதுதான். கொலோன் தேவாலய வாசலில் நின்று 157 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து எடுப்பது, குறுகிய சந்துகள், கேபின் உள்பக்கம், சாப்பாட்டு மேசை எல்லாமே போன் செய்யும் வேலை.

போன் இன்னும் நன்றாகச் செய்வது லாக் எனப்படும் நீர்ப்பூட்டில். கப்பலை ஒரு தொட்டிக்குள் அடைத்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். மைன் ஆற்றில் 34, மைன்-டான்யூப் கால்வாயில் 16 என்று இந்த இரண்டில் மட்டுமே ஐம்பது இருக்கின்றன, டான்யூபில் இன்னும் உண்டு. மைனிலும் கால்வாயிலும் தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. கம்பியருகே நின்றால் ஈரச் சுவர், வழுக்கும் பாசி, சுவரில் பதித்த இரும்பு ஏணி எல்லாம் கை நீட்டினால் தொடும் தூரத்தில், மெல்ல மெல்லக் கீழே இறங்குவது போலத் தெரியும். இந்த இடத்தில், தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்றுக்கும் உதவாது. போனில் 0.5 என்று இருப்பதைத் தட்டுங்கள்.

இனி, லென்ஸைவிட முக்கியமான விஷயம். நகரும் கப்பலில் படம் கலங்குவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஷட்டர் வேகம். கப்பல் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் நொடிக்கு 5 மீட்டர். 100 மீட்டர் தள்ளியிருக்கும் கரை வீட்டை 140 எம்எம்மில் பிடித்தால் படத்தின் மொத்த அகலமே 17 மீட்டர்தான். வீடு மூன்று நொடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு புள்ளியும் 27 பிக்சல் நீளத்துக்கு இழுபடும். 1/1000 என்றால் ஒன்றரை பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. தூரம் 400 மீட்டர் என்றால் 1/250 போதும்.

"லென்ஸில் வி.ஆர். இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். வி.ஆர். உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், கப்பல் நகர்வதை அது நிறுத்தாது. இசட்50 உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாததால் லென்ஸில் அது இருப்பது நல்லதுதான். ஆனால் அதை நம்பி 1/60-க்கு இறங்காதீர்கள். டயலை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் 'எஸ்' பக்கம் திருப்பி 1/1000 வைத்துவிட்டு, வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 3200 என்று போடுங்கள். நல்ல வெயிலில் அது 200-ஐ ஒட்டியே நிற்கும், மூட்டமாக இருந்தால் 800 போகும். அப்புறம், முழங்கையைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றி எடுக்காதீர்கள். இன்ஜின் அதிர்வு கம்பி வழியாக நேரே கேமராவுக்கு வரும். டிரைபாடுக்கும் அதே கதிதான், வீட்டிலேயே இருக்கட்டும்.

ரைனில் நீங்கள் தவறவிடக் கூடாத பகுதி கோப்லென்ஸுக்கும் பிங்கெனுக்கும் இடையிலான 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு, நாற்பது கோட்டைகள் வரை உண்டு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் நீங்கள் ஆற்றை எதிர்த்துப் போவீர்கள். கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போகும், அது உங்கள் அதிர்ஷ்டம். அப்படிப் போகும்போது மார்க்ஸ்பர்க் கோட்டையும் 132 மீட்டர் உயர லோரலை பாறையும் உங்கள் இடது கைப் பக்கம் வரும். அது கிழக்குக் கரை, பிற்பகலில்தான் முகத்தில் வெயில் விழும். வலது பக்கம் வரும் ரைன்ஃபெல்ஸ் இடிபாடுகளுக்குக் காலை வெயில். கரையில் பெரிய எழுத்தில் கிலோமீட்டர் பலகைகள் நிற்கும். கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும் கணக்கு அது. மார்க்ஸ்பர்க் 580-ஐ ஒட்டி, லோரலை 555-ஐ ஒட்டி, காவுப் 546-ஐ ஒட்டி. நீங்கள் போகும் திசையில் எண் குறைந்துகொண்டே வரும். முந்தின இரவு இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ஒலிபெருக்கி அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

காவுப் ஊரில் ஆற்றின் நடுவே ஒரு சுங்கக் கோட்டை, வெள்ளைச் சுவரோடு கப்பல் மாதிரியே நிற்கும். அது தூரத்தில் தெரிந்ததும் நான் வைடைக் கழற்றி டெலியை மாட்டக் குனிந்தேன். பின்மூடியைக் கால்சட்டைப் பையில் திணித்து, லென்ஸைப் புள்ளி பார்த்துத் திருகி, காற்றில் பறந்த துணிப்பையைக் காலால் மிதித்து நிமிர்ந்தபோது கோட்டையின் முதுகுதான் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகியிருக்காது. ஒரே லென்ஸ் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அந்த நிமிஷம்.

கோட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சரக்குப் படகுகள் எதிரே வரும். அதை ஓட்டும் குடும்பம் அதிலேயே வசிப்பதும் உண்டு. பின்பக்கம் ஜன்னல் திரை, பூந்தொட்டி, மேலே ஏற்றி நிறுத்திய சொந்தக் கார்கூடப் பார்க்கலாம். 140-இல் எடுக்க இதைவிட நல்ல விஷயம் ஆற்றில் இல்லை என்பேன்.

ஆஸ்திரியாவில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாக்காவ் பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ். டான்யூபில் நீரோட்டத்தோடு போவீர்கள், வேகம் கூடும். டூர்ன்ஸ்டைன் ஊர்த் தேவாலயத்தின் நீலக் கோபுரம் வரும்போது 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம். முதலில் 35 அளவில் கோபுரத்தையும் மேலே மலையுச்சி இடிபாட்டையும் சேர்த்து எடுங்கள், பிறகு கோபுரத்தை மட்டும் இழுத்துப் பிடியுங்கள்.

புடாபெஸ்ட் இரவுக்குத்தான் இரண்டாவது லென்ஸ் பற்றி யோசிக்கலாம். நாடாளுமன்றக் கட்டடத்தின் நீளம் 268 மீட்டர். சுமார் 300 மீட்டர் தள்ளி எதிர்க்கரையை ஒட்டிக் கப்பல் போனால் 24 எம்எம்மில் 294 மீட்டர் அடங்கும், அளவெடுத்துத் தைத்த மாதிரி. நடு ஆற்றில் போனால் 16-50 வேண்டும், அதனால் அதை வீட்டில் விட்டுவிடாதீர்கள், 135 கிராம்தான். நிக்கானின் 24 எம்எம் எஃப்/1.7 லென்ஸும் அதே எடை. கேமராவோடு வந்த 16-50-ஐவிட நாலு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே விடும். அதில் வி.ஆர். இல்லை. ஆனால் அந்தத் தூரத்தில், அந்த எம்எம்மில் 1/60-ஏ போதும். கடைக்காரரிடம் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று இருந்தால் 12-28 பணத்தில் இதை வாங்குங்கள்.

போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கலாம், 18-140-க்கு 62 எம்எம் அளவு. தண்ணீர்ப் பளபளப்பைக் குறைக்கும், திராட்சைத் தோட்டத்துப் பச்சையைத் தூக்கிக் காட்டும். ஆனால் வெளிச்சத்தை நன்றாகவே குடிக்கும், மூட்ட நாளில் கழற்றிவிடுங்கள். கேபின் கண்ணாடி வழியாக எடுப்பதானால் உள்விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு விரல்கடை தூரத்தில் வையுங்கள். முட்டவைத்தால் அதிர்வு ஏறும். ஒன்று சொல்லிவிடுகிறேன், கேபின் ஜன்னலை நம்பித் திட்டம் போடாதீர்கள். துறைமுகத்தில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். காலையில் திரையை விலக்கினால் எதிர்க் கப்பல்காரர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். மைனிலும் கால்வாயிலும் பாலங்கள் தாழ்வு, மேல்தளத்தைப் பல மணி நேரம் மூடிவிடுவதும் உண்டு. அப்போது முன்பக்கக் கூடத்துக் கண்ணாடிதான் கதி, இடம் பிடிக்கச் சீக்கிரம் போங்கள்.

இதே கேள்வியோடு வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஏபிஎஸ்-சி எனும் சின்ன சென்சாரில் கேனான் என்றால் 18-150, சோனி என்றால் 18-135; பெரிய சென்சார் உள்ள நிக்கான் ஃபுல் ஃபிரேம் என்றால் 24-200. தர்க்கம் அதேதான்.

பேட்டரி ஒன்று கூடுதலாக எடுங்கள், இசட்50 ஒரு சார்ஜில் முந்நூறு சொச்சம் படம்தான் தரும். தூறலுக்கு ஹோட்டலில் கொடுக்கும் ஷவர் கேப்பை கேமரா மேல் மாட்டினால் போதும்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்காருங்கள். 1/60, 1/250, 1/1000 என்று மாற்றி மாற்றி, தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளையும் தூரத்து மலையையும் எடுத்துப் பாருங்கள். ரயில் கப்பலைவிட வேகம், அதில் கலங்காமல் வந்தால் ரைனில் வரும்.