வெள்ளிக்கிழமை வெனிஸ் ரயில் ஓடுமா?

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐந்து பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மே மாதம் இத்தாலி போகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை பிளாரன்ஸில் அறையைக் காலி செய்துவிட்டு, பொலோஞாவில் இறங்கிச் சாப்பிட்டு ஊர் சுற்றிவிட்டு, மாலை வெனிஸ் பக்கம் மெஸ்த்ரேயில் உள்ள ஹோட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும். "வெள்ளிக்கிழமை என்றாலே அங்கே ரயில் ஸ்டிரைக், நடுவழியில் நிற்பீர்கள்" என்கிறார் எங்கள் ஏஜென்ட். வேனுக்கு 750 யூரோ, வெனிஸ் நுழைவுக் கட்டணம் தனி என்கிறார். எங்களில் ஒருத்திக்கு முழங்கால் வலி வேறு. என்ன செய்யலாம்?

பதில்: வேன் வேண்டாம். ரயிலிலேயே போங்கள். முழங்கால் வலிக்கும் அதுதான் நல்லது. வேனில் மூன்று மணி நேரம் காலை மடக்கியே உட்கார வேண்டும், ரயிலில் எழுந்து நாலடி நடக்கலாம்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. வெள்ளிக்கிழமைகளில் ஸ்டிரைக் அங்கே அடிக்கடி வரும். 'ஷோப்பெரோ' என்பார்கள், அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி இது: அங்கே நினைத்த நேரத்தில் ரயிலை நிறுத்திவிட முடியாது. 1990-ம் ஆண்டின் 146-ம் எண் சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதி வாரியாகப் பட்டியல் இருக்கும். ஸ்டிரைக் நாளிலும், வேலை நாளாக இருந்தால், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். நீண்டதூர ரயில்களில் எவை ஓடும் என்று தனிப் பட்டியல் வரும். வெள்ளி வேலை நாள்தானே? அப்படியென்றால் மோசமான நிலையிலும் மாலை 6 மணி தாண்டியதும் பொலோஞாவில் ஏறினால், 9 மணிக்குள் மெஸ்த்ரேயில் இருப்பீர்கள். காலையில் மட்டும் சீக்கிரம் எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும். இதற்கு 750 யூரோ அதிகம்.

இனி டிக்கெட். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிளாரன்ஸ் முதல் பொலோஞா வரை அதிவேக ரயிலில் முன்பதிவு செய்யுங்கள், நாற்பது நிமிடத்துக்குள் போய்விடும். ஆனால் பொலோஞாவிலிருந்து மெஸ்த்ரேக்கு முன்பதிவே செய்யாதீர்கள். அந்த வழியில் சாதாரண வட்டார ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதன் கட்டணம் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஏறாது. முன்கூட்டியே வாங்கும் தள்ளுபடி டிக்கெட் அப்படியல்ல. அதில் போட்டிருக்கும் ரயிலில் மட்டும்தான் ஏறலாம், தவறினால் பணம் போச்சு. "இரண்டு டிக்கெட்டும் கன்ஃபர்ம் செய்துவிட்டேன் மேடம்" என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னால், சாப்பாட்டுக்கு நடுவே ஐந்து பேரும் மணி பார்த்துக்கொண்டே இருப்பீர்கள் என்று அர்த்தம். ஸ்டேஷன் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, அதே டிக்கெட்டைக் கூடுதல் கட்டணம் போட்டு விற்கும் தளங்களும் உண்டு. நேராக ரயில் நிறுவனத்தின் செயலியிலேயே வாங்குங்கள்.

வட்டார ரயில் டிக்கெட் காகிதத்தில் இருந்தால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தின் முகப்பில் உள்ள சின்ன எந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். போனில் இருந்தால் ஏறுமுன் செயலியில் 'செக்-இன்' அழுத்த வேண்டும். அதிவேக ரயிலுக்கு இரண்டும் வேண்டாம். ஒரே நாடு, ஒரே தண்டவாளம், மூன்று விதி! பணம் கட்டி வாங்கிய டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் பயணிக்கு, ஒரு பொத்தானை அழுத்தவில்லை என்பதற்காக அபராதம் போடுகிறார்கள். "தெரியாது" என்று சொன்னால் எடுபடாது. எந்திரம் கெட்டிருந்தால் டிக்கெட்டின் மேல் தேதியையும் நேரத்தையும் பேனாவால் எழுதி, ஏறியதும் நீங்களாகவே போய்ப் பரிசோதகரிடம் காட்டுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் கதை வேறு.

டிக்கெட் அவரவர் போனில் இருக்கட்டும். பிளாரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குள் நுழையவே டிக்கெட் காட்ட வேண்டும். நான் நண்பர்களோடு போனபோது ஐந்து டிக்கெட்டும் ஒருவன் போனில். ரயிலுக்கு ஆறு நிமிடம் இருக்கிறது, நாங்கள் நால்வரும் பெட்டிகளோடு தடுப்புக்கு வெளியே நிற்கிறோம், அவன் காபி கடைக் கவுண்டரில் நின்று நிதானமாகச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருக்கிறான். ரயில் போய்விட்டது. அவனோடு நாங்கள் பேச ஆரம்பிக்கவே மதியம் ஆகிவிட்டது.

ஸ்டேஷன் பலகையில் பிளாரன்ஸ், வெனிஸ் என்றெல்லாம் இருக்காது. ஃபிரென்ஸே, வெனேட்சியா என்றுதான் இருக்கும். அதுவும் ரயில் கடைசியாகப் போய்ச்சேரும் ஊரின் பெயரே பெரிதாகத் தெரியும், அதனால் ரயில் எண்ணைப் பாருங்கள். பிளாட்பார எண்ணை, அதாவது 'பினாரியோ'வை, கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் போடுவார்கள். அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது அங்கே வழக்கம். அந்த நேரத்தில்தான் கைப்பை காணாமல் போகும். டிக்கெட் எந்திரத்தின் அருகே உதவிக்கு வருபவர், கேட்காமலேயே பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டுக் கை நீட்டுபவர், இருவரும் ரயில்வே ஊழியர்கள் இல்லை. பெட்டியில் கை படும்போதே உரக்க "நோ" சொல்லுங்கள். வைத்த பிறகு பேரம் பேசினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

பொலோஞாவில் அதிவேக ரயில்கள் பல நிலத்தடியில் ஆழமான பிளாட்பாரத்தில் நிற்கும். முழங்கால் வலி உள்ளவர் படிப்பக்கமே போகாமல் லிஃப்டைத் தேடட்டும், மற்றவர்கள் அவருக்காகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். லக்கேஜை ஸ்டேஷன் காப்பகத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தால், சுவரில் ஒரு கடிகாரம் 10.25 காட்டும். அதை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2-ம் தேதி காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. நினைவாக அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு 12.30-க்கே உட்காருங்கள், இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். உங்களில் சைவம் யாராவது இருந்தால் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். பூரணம் வைத்த பாஸ்தா இரண்டு வகை: டோர்த்தெலினிக்குள் பன்றி இறைச்சி இருக்கும். டோர்த்தெலோனிக்குள் பெரும்பாலும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

அந்த 'நுழைவுக் கட்டணம்' விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் இப்போது நிறையப் பேர் பணம் பார்க்கிறார்கள். 2024-ல் வெனிஸ் நகராட்சி கொண்டுவந்தது அது. காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு, குறிப்பிட்ட தேதிகளில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை பழைய நகருக்குள் இருந்தால் மட்டும். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததுதான், கடலைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே மெஸ்த்ரே ஹோட்டலில் தங்கும் உங்களுக்கு விலக்கு உண்டு. இதுவே நீங்கள் பதோவாவில் தங்கியிருந்தால் விலக்கு இல்லை, அரை மணி ரயில் தூரம்தான் என்றாலும் அது வேறு நகராட்சி. கவனியுங்கள், விலக்கு இருக்கிறது என்பதற்காக ஒன்றும் செய்யாமல் போய்விடக் கூடாது. நகராட்சித் தளத்தில் பதிவு செய்து விலக்குச் சீட்டு எடுத்துப் போனில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இலவசம். கட்ட வேண்டாத கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்று நிரூபிக்கவும் ஒரு படிவம்! ஹோட்டலில் ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி வாங்குவார்கள், அது வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஏஜென்ட் கேட்பது எது என்று அவரிடமே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அரட்டையில் மெஸ்த்ரேயைத் தாண்டிவிட்டால் பதறாதீர்கள். ரயில் கடல்மேல் பாலத்தில் பத்து நிமிடம் போய், பழைய வெனிஸ் நகரின் ஸ்டேஷனான சாந்தா லூச்சியாவில் நின்றுவிடும். கூடுதல் தூரத்துக்குப் பரிசோதகர் பணம் கேட்டால் கட்டிவிடுங்கள். வாசலைத் தாண்டினால் எதிரேயே பெரிய கால்வாய். சற்று நேரம் பார்த்துவிட்டு, மெஸ்த்ரேக்கு டிக்கெட் வாங்கித் திரும்புங்கள். அதையும் முத்திரை குத்த மறக்க வேண்டாம்.