ஊசித் தொப்பி வாங்கறதுக்கு முன்னாடி உள்ள திருப்பிப் பாருங்க

கேள்வி: அண்ணா, ஆன்லைன் ஏலத்துல ஒரு ஜெர்மன் பிக்கல்ஹௌபே பாத்தேன், அதான் மேல ஊசி வச்ச தோல் ஹெல்மெட். முதல் உலகப்போர்ல பிரஷ்ய (அப்போ ஜெர்மனிக்குள்ள இருந்த பெரிய ராஜ்ஜியம்) ஆஃபீசர் போட்டதாம். உள்ள ரெஜிமென்ட் முத்திரை தெளிவா இருக்கு, அதனால ஒரிஜினல்தான்னு விக்கிறவர் அடிச்சு சொல்றார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த முத்திரைதான் தம்பி எனக்கு இடிக்குது. சிப்பாய்க்கு ஆர்மியே ஹெல்மெட் கொடுத்துச்சு, அதனால ரெஜிமென்ட், சைஸ் எல்லாம் குத்தி வச்சாங்க. ஆஃபீசர் சொந்தக் காசுல கடையில வாங்கிக்கணும், அதுல பொதுவா ரெஜிமென்ட் முத்திரை இருக்காது, கடைக்காரர் பேர் வேணா இருக்கலாம். ஸோ சிப்பாய் ஹெல்மெட்ல ஆஃபீசர் பார்ட்ஸ மாட்டி விலைய ஏத்தியிருக்க சான்ஸ் நிறையவே இருக்கு. முழு போலிய விட இந்தக் கலப்பு மாலுதான் ஆபத்து, ஏன்னா ஒவ்வொரு பார்ட்டும் தனித்தனியா பாத்தா நிஜமாவே பழசு.

வெளிப்பக்க பளபளப்புல மயங்காம, லைனிங்கை லேசா தூக்கி உள்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முன்னாடி இருக்கற கழுகுத் தகடு சிப்பாயோடதுன்னா பின்னாடி வளையம் வச்சு மாட்டியிருப்பாங்க, ஆஃபீசரோடதுன்னா திருகாணி, நட்டு. ரெண்டுக்கும் ஓட்டை ஒரே இடத்துல வராது, அதனால உள்ள கூடுதலா ஓட்டையோ அடைச்ச ஓட்டையோ தெரிஞ்சா கதை முடிஞ்சுது. ஆஃபீசர் ஹெல்மெட்னா கழுகு தலைமேல இருக்கற கிரீடத்துல இடைவெளி வெட்டி எடுத்திருக்கணும், ஊசியோட அடித்தட்டுல நட்சத்திர வடிவ ஆணி இருக்கணும், உள்ள தோல் பட்டையும் பட்டுத்துணி லைனிங்கும் வரணும். அப்புறம் 1897லேந்து வலது பக்கம் கருப்பு வெள்ளை சிவப்பு காக்கேட் (வட்டமான கலர் பேட்ஜ்) சேத்தாங்க, இடது பக்கம் பிரஷ்யாவோட கருப்பு வெள்ளை. போர்க்காலத்து ஹெல்மெட்னு சொல்லிட்டு ஒண்ணுதான் இருந்தா ஏன்னு கேளுங்க. யூவி டார்ச் அடிச்சு தையல் நூல் பளிச்சுனு வெள்ளையா மின்னினா அது பிற்கால நூல். படம் கேட்டதும் விக்கிறவர் மழுப்பினா விட்டுருங்க.

கேள்வி: என்கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, கழுகு மங்கிப் போச்சு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: ஐயோ வேணாம்! ஆஃபீசர் தகடு வெறும் பித்தளை இல்ல, மேல மெல்லிசா தங்கப்பூச்சு இருக்கும். புளியோ பாலிஷோ போட்டீங்கன்னா அது போயிரும், பாதி விலையும் கூடவே போயிரும். மெத்து பிரஷ்ல தூசி தட்டுங்க, போதும். ஊசியப் பிடிச்சுத் தூக்காதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க, தோல் சுருங்கினா தையல் பிரிஞ்சுரும்.

கேள்வி: நான் இருக்கறது ஜெர்மனில. ஹிட்லர் காலத்து ஆஃபீசர் தொப்பி வாங்கினா பிரச்சனையா?

பதில்: கெய்சர், அதான் ஜெர்மன் பேரரசர் காலத்து ஹெல்மெட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. நாஜிகளோட ஸ்வஸ்திகா சின்னம் இருக்கற பொருள்னா ஜெர்மன் கிரிமினல் சட்டம் 86ஏ பிரிவு வருது. வீட்டுக்குள்ள சும்மா வச்சிருக்கறது குத்தமில்ல, ஆனா அந்தச் சின்னத்தப் பொதுவுல காட்டினாலோ பரப்பினாலோ மாட்டுவீங்க, ஆராய்ச்சி, கல்வி மாதிரி சில விஷயத்துக்குத்தான் விலக்கு. அதனாலதான் அங்க ஏலப் படங்கள்ல சின்னத்த மறைச்சுப் போடறாங்க. போட்டோ எடுத்து சோஷியல் மீடியால போடற ஐடியா இருந்தா இப்பவே மறந்துருங்க.