வோர்ட்டுக்கு ஆக்சிஜன்: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தைச் சுற்றியே கேள்விகள் வருகின்றன: வோர்ட்டில், அதாவது ஈஸ்ட் போட்டுப் பீராக்கும் முளைதானிய இனிப்புச் சாற்றில், ஆக்சிஜன் ஏற்றுவது. மொத்தமாகப் பதில் சொல்லிவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு வருடமாகக் காய்ச்சுகிறேன். வோர்ட் ஆறியதும் பாத்திரத்தை நன்றாகக் குலுக்கிவிட்டு ஈஸ்ட் போடுவதுதான் பழக்கம். இப்போது சிலிண்டர், ரெகுலேட்டர், ஸ்டீல் கல் எல்லாம் சேர்ந்த ஒரு ஆக்சிஜன் செட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலைதான் உறுத்துகிறது. வாங்கினால் பீர் உண்மையிலேயே நன்றாக வருமா?

பதில்: நீங்கள் போடுவது உலர் ஈஸ்ட்டா, திரவ ஈஸ்ட்டா என்று எழுதவில்லையே! முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. பெருகுவதற்குத்தான் தேவை. ஒரு செல்லிலிருந்து இன்னொன்று பிரியும்போது தாயும் பிள்ளையும் செல் சவ்வைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. புதுச் சவ்வு கட்ட எர்கோஸ்டெரால் போன்ற ஸ்டெரால்களும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் வேண்டும். அவற்றை ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்ட்டால் தயாரிக்க முடியாது. நாமோ வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, அதில் கரைந்திருந்த ஆக்சிஜனையெல்லாம் விரட்டிவிடுகிறோம். அதைத் திரும்பக் கொடுக்கத்தான் இந்தக் குலுக்கலும் சிலிண்டரும்.

உலர் ஈஸ்ட்டின் கதை வேறு. தொழிற்சாலையில் நிறையக் காற்று கொடுத்து வளர்த்து, ஸ்டெராலைச் சேமித்துக்கொண்ட நிலையில்தான் அதை உலர்த்திப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி. முதல் முறை போடும்போது காற்றேற்றுவது அவசியமில்லை என்று ஃபெர்மென்டிஸ், லால்மண்ட் போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட் பிரிக்கிறவர் என்றால் செட்டை மறந்துவிடுங்கள். அந்தக் காசில் வோர்ட்டைச் சீக்கிரம் ஆறவைக்க நல்ல காயில் ஒன்று வாங்கலாம். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

திரவ ஈஸ்ட் போடுகிறவர்களும், போன பீரின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்து அடுத்ததற்குப் போடுகிறவர்களும் தொடர்ந்து படிக்கலாம். சாதாரண ஏலுக்கு (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதனால் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு பாடுபட்டாலும், அறை வெப்பத்தில் இருக்கும் வோர்ட்டில் சுமார் 8 மில்லிகிராமுக்கு மேல் ஏறாது. கையால் குலுக்கினால் பெரும்பாலும் அதற்கும் கீழேதான் நிற்கும். ஐந்து நிமிடம் குலுக்கியும் 3 மில்லிகிராமைத் தாண்டாமல் போகலாம். லாகருக்கும் (குளிரில் நொதிக்கும் பீர்), ஆரம்ப அடர்த்தி (தண்ணீர் 1.000 என்று வைத்து) 1.075-ஐத் தாண்டும் கெட்டியான பீருக்கும் 10, 12 என்று இன்னும் கூடுதலாகத் தேவைப்படுவதால், அங்கே சிலிண்டருக்கு நியாயம் இருக்கிறது. மிதமான ஏல் மட்டும் காய்ச்சுகிறவர், ஸ்டார்டர் செய்து (ஈஸ்ட்டைக் கொஞ்சம் வோர்ட்டில் முன்கூட்டியே பெருக்கி) போதுமான ஈஸ்ட் போட்டு, பாத்திரத்தையும் வேர்க்க வேர்க்கக் குலுக்கினால் போதும். என்னைக் கேட்டால் அவருக்கும் செட் வேண்டாம்.

கேள்வி: வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். செட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ரெகுலேட்டர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான செட்களில் வெறும் திருகுதான் இருக்கும். எவ்வளவு போனது என்பதைக் குமிழிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அளவே தெரியாவிட்டால், போன முறை பீர் நன்றாக வந்ததற்குக் காரணம் ஆக்சிஜனா அதிர்ஷ்டமா என்றும் தெரியாது.

அடுத்தது கல். கல் என்று பெயரே தவிர, ஸ்டீல் துகள்களைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்ன உருளை அது. துளையின் அளவில் 0.5 மைக்ரான், 2 மைக்ரான் என்று இரண்டு வகை விற்கிறார்கள். சிலிண்டருக்கு 0.5, காற்று பம்ப்புக்கு 2. குமிழி சின்னதாக இருந்தால்தான் மேலே வருவதற்குள் கரையும்; மேலே வந்து வெடிக்கிற குமிழியெல்லாம் உங்கள் காசு. கல் நீளமான ஸ்டீல் குழாயின் நுனியில் இருந்தால் அடிவரை போகும். ரப்பர் குழாயில் மாட்டிய கல் சொன்ன இடத்தில் நிற்காது. துளைகளில் விரலின் எண்ணெய்ப்பசை அடைத்துக்கொள்ளும், ஆகவே கல்லைக் கையால் தொடாதீர்கள். பயன்படுத்தும் முன்பும் பின்பும் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

மூன்றாவது, அளவு. சின்ன டிஸ்போசபிள் சிலிண்டரில் 40 கிராம் என்று போட்டிருந்தால், அது சுமார் 30 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஒரு நிமிடம் விட்டால், காகிதக் கணக்கில் 30 முறைக்கு வரும். என் முதல் சிலிண்டர் எனக்கு மூன்று முறைதான் வந்தது. ரெகுலேட்டரைக் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிட்டேன். மெல்லிய கசிவு, அடுத்த முறை எடுத்தால் காலி. விற்ற கடையில் கேட்டதற்கு, அது அப்படித்தான், ஒவ்வொரு முறையும் கழற்றிவிட வேண்டும் என்றார்கள். வாங்கும்போது சொல்லியிருக்கலாம்! நீங்கள் கழற்றி வையுங்கள். மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மாதம் இரண்டு மூன்று முறை காய்ச்சுகிறவருக்கு, திரும்ப நிரப்பும் சிலிண்டர்தான் லாபம். 2 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 300 லிட்டர் வாயு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எதையும் வெறியோடு எரிய வைக்கும். இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. திருகு இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது ஆபத்து. வோர்ட் காய்ச்சிய அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும், அதை அணைத்துவிட்டுத்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

கேள்வி: வெல்டிங் கடை ஆக்சிஜனும் மருத்துவ ஆக்சிஜனும் விலையில் வித்தியாசப்படுகின்றன. எதை வாங்குவது?

பதில்: இரண்டும் பெரும்பாலும் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்தெடுத்த அதே வாயுதான். மருத்துவ வகைக்கு சிலிண்டர் சுத்தம், பரிசோதனை, பதிவேடு ஆகியவற்றுக்காகக் கூடுதலாக வாங்குகிறார்கள். வீட்டில் பீர் காய்ச்சும்போது வெல்டிங் ஆக்சிஜனைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். கிருமி வடிகட்டி ஒன்றைக் குழாயில் மாட்டிக்கொண்டால் நானும் அதையே எடுப்பேன். முகர்ந்து பார்க்க விற்கும் சின்ன ஆக்சிஜன் டின்கள் மட்டும் வேண்டாம். அவற்றில் வாயு கொஞ்சம்தான், சிலவற்றில் புதினா வாசனை வேறு சேர்த்திருப்பார்கள்.

கேள்வி: அப்பாவின் சிகிச்சைக்காக வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) சும்மா கிடக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: தாராளமாக. நல்ல நிலையில் உள்ள கருவி 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தரும். வோர்ட்டுக்கு அதுவும் சுத்த ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரப்பதம் சேர்க்கும் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிடுங்கள், அதில் கிருமி வளரும். நடுவில் வடிகட்டி போடுங்கள். கல்லின் வழியாகத் தள்ள அழுத்தம் போதுமா என்று முதலில் வாளித் தண்ணீரில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கருவியை விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் துகள்கள், நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். மீட்டரில் ஓடிய மணி நேரம் குறைவு என்பதை மட்டும் நம்பாமல், ஆக்சிஜன் சதவீதத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நோயாளி பயன்படுத்திக்கொண்டிருக்கும் கருவியில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: மீன்தொட்டி பம்ப் போதாதா?

பதில்: போதும், 8 மில்லிகிராம் எல்லைக்குள். நுரை பொங்கி வழியும். விட்டு விட்டு ஓட்டுங்கள். வடிகட்டி கட்டாயம்.

கேள்வி: செட் வாங்கி, ஆசையில் 20 லிட்டர் வோர்ட்டுக்குப் பத்து நிமிடம் விட்டேன். மூன்றாம் நாள் நுரை அடங்கியதும் இன்னொரு முறையும் விட்டேன். பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. செட் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், கடைக்காரர் ஏற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த வழக்கில் நான் கடைக்காரர் பக்கம். ரெகுலேட்டரும் கல்லும் அவற்றின் வேலையைச் செய்திருக்கின்றன. 20 லிட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஒரு நிமிடம் விட்டாலே சுமார் 9 மில்லிகிராம் வந்துவிடும். கெட்டியான பீருக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். சுத்த ஆக்சிஜனில் காற்றைப் போல ஐந்து மடங்கு வரை கரைய இடமிருக்கிறது, எனவே மிஞ்சிப்போவது சுலபம். மிஞ்சினால் ஈஸ்ட் அளவுக்கு மேல் பெருகி, ஃபியூசல் ஆல்கஹால் (ஈஸ்ட் உண்டாக்கும் காட்டமான வேறு ஆல்கஹால்கள்) கூடி, தொண்டையில் காரமாக இறங்கும்.

அட்டை வாசனைக்குக் காரணம் மூன்றாம் நாள் விட்டதுதான். ஆரம்பத்தில் கொடுக்கும் ஆக்சிஜனை ஈஸ்ட் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். நொதித்தல் ஓயும் நேரத்தில் கொடுப்பது பீரோடு வினைபுரிந்து அதைப் பழசாக்கும். மிகவும் கெட்டியான பீருக்கு இரண்டாம் தவணை கொடுப்பதுண்டு. அதுவும் ஈஸ்ட் போட்டு 12 மணி நேரத்துக்குள், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.

செட்டோடு வந்த தாளில் எத்தனை நிமிடம், எப்போது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட, பயன்படுத்தும் முறை தராததைச் சுட்டிக்காட்டித் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். பீரைக் கொட்டிவிடுங்கள், வைத்திருந்தால் அந்த வாசனை இன்னும் கூடும்.